கூரை பறந்த வீடு

சூறாவளி அடித்து ஓய்ந்த காலையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. ஆனாலும் எல்லாரும் ஒரே வீட்டு முற்றத்தில்தான் கூடி நின்றோம். கூரை பறந்த பின்னறையிலிருந்து ஒரு பெண் கத்தினாள். கதவு வெளியே பூட்டியிருந்தது.

அவளுடைய கணவர் மவுத்தாகி, அடக்கம் செய்து பல வருடங்கள். விதவைக்குரிய நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இத்தா இருக்க அந்த அறைக்குள் போனவளைப் பிறகு யாரும் காணவில்லை. அவளுக்குச் சீதனமாக எழுதிய வீட்டில் குடியேறிய அவளுடைய அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, "தங்கச்சிக்கு வெளிய வர விருப்பமில்ல" என்றார். தெரு நம்பியது. அழுகை கேட்டால், மாப்பிள்ளையை நினைத்து அழுகிறாள் என்றது. எங்கள் உம்மா அவளை எங்களுக்கு உதாரணம் காட்டுவார்: "அவளப் பாருங்க, ஒரு ஆம்புளட கண் பட்டிருக்கா?"

அன்று காக்காவைப் பிடித்து அடித்ததும் அதே தெருதான். "நமக்கு என்னகா தெரியும்?" என்று பெண்கள் அழுதார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன கறி கொதிக்கிறது என்று மணத்திலேயே சொல்பவர்கள் இவர்கள்.

கதவை உடைத்து அவளை வெளியே கொண்டுவந்தார்கள். "தலைய மூடுங்க கா, ஆம்புளையள் நிக்காங்க!" என்று யாரோ பதறினார்கள். உம்மா ஓடிப்போய் ஒரு ஈரப் போர்வையை அவள் தலையில் போட்டார்.

அவள் அதை உருவி எடுத்து உம்மாவின் தலையில் போட்டாள். முகம் மறையும்வரை இழுத்துவிட்டாள்.