சந்தூக்குக்கு ஒரு கோட் பெயின்ட்

முப்பத்தெட்டு வருடம் பெயின்ட் அடித்தவன் நான். உத்தமபாளையத்தில் பைபாஸ் பக்கம் ஷெட். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப், ஆட்டோ, டிராக்டர், கடை ஷட்டர் என்று எல்லாம் வரும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எந்தக் கம்பெனி பெயின்ட் நல்லது? அடியில் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. வெள்ளைத் துணி

என் அம்மா மௌத்தான அன்று சாரல் விடாமல் அடித்தது. சந்தூக்கில் வைத்துத் தூக்கிப் போனோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சந்தூக் என்பது மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, வைத்துத் தோளில் தூக்கிப் போகிற இரும்புப் பெட்டி. தகடு அடித்த அடிப்பாகம், நாலு கால், தோளில் தாங்க நீளமாக இரண்டு பைப். எங்கள் தெருச் சந்தூக் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒழுகுகிற தகரக் கொட்டகையில் கிடந்தது. எல்லோரும் ஒருநாள் அதில்தான் போக வேண்டும். அதனாலேயே ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கபர்ஸ்தானில் அம்மாவை வாங்கி இறக்க நான் குழிக்குள் நின்றேன். வெள்ளைத் துணியில், இடுப்புப் பக்கம், உள்ளங்கை அகலத்துக்குச் செம்பழுப்பாக ஒரு கறை. மேலே நின்ற ஒருவர், "ரத்தமா?" என்றார். பள்ளிவாசலில் பாங்கு சொல்வதிலிருந்து கூட்டிப் பெருக்குவது வரை எல்லா வேலையும் பார்க்கிற மோதினார் குனிந்து பார்த்தார்.

"ரத்தமில்லப்பா. துரு. சந்தூக்குத் துரு தண்ணியில கரஞ்சு எறங்கியிருக்கு."

ஊரான் ஜீப்பையெல்லாம் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்குகிறவன், பெற்றவளைத் துருக்கறையோடு மண்ணில் வைத்தேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

2. மேலாப்புல ஒரு கோட்

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜமாஅத் கூட்டத்தில் எழுந்தேன். சந்தூக் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே பாதிப் பேர் செருப்பைத் தேடினார்கள். ஜமாஅத் தலைவரான முத்தவல்லி, ஏலக்காய் வியாபாரி, கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்குப்பா கூட்டம்? பெருநா வருது. மேலாப்புல ஒரு கோட் அடிச்சிரு. நல்ல பச்சையா. ஆவுறத நான் பாத்துக்கிறேன்."

"மேலாப்புல அடிச்சா நிக்காது மாமு. துருவ எடுக்கணும். நாலு நாளு வேணும்."

"நாலு நாளா? அதுக்குள்ள யாராச்சும் மௌத்தாயிட்டா?"

"நாலு நாளைக்கு எல்லாரையும் உசுரோட இருக்கச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. மோதினார் மட்டும் இதை ஜமாஅத் உத்தரவாகவே எடுத்துக்கொண்டு, தெருவில் படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று பேர் வீட்டுக்கும் போய்த் தகவல் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு பெரியவர் சொன்னாராம்: "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நின்னு நிதானமா அடிக்கச் சொல்லு."

வெளியே வந்ததும் முத்தவல்லி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சைடுல அன்பளிப்புன்னு போட்டு எம்பேரு எழுதிரு. சின்னதா." சின்னதா என்று அவர் கையை விரித்துக் காட்டிய அளவுக்கு ஒரு ஜீப்பின் பானட் முழுசாக வேண்டும்.

3. மயில் கழுத்து

சந்தூக் உள்ளே வந்ததும் ஷெட்டில் நின்ற இரண்டு ஜீப்பும் வெளியே போய்விட்டன. "மொதல்ல அத அனுப்பு. பெறகு வாரேன்," என்றார் ஒரு ஜீப்காரர். எட்டுப் பேர் உட்காருகிற வண்டியில் பதினாறு பேரை அடைத்துக்கொண்டு தினமும் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறுகிறவர் அவர். அந்த மனுஷனுக்குச் சந்தூக்கைப் பார்த்தால் பயம்.

மேலே சில்வர் பெயின்ட். சிப்பிங் சுத்தியலால் தட்டத் தட்டச் செதில் செதிலாக விழுந்தது. அடித்தகட்டில் ஒரு கை அகலம் உரித்திருப்பேன். கீழே இன்னொரு கலர் தெரிந்தது. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, மயில் கழுத்து. சுத்தியலைக் கீழே வைத்தேன்.

அந்தக் கலர் எந்தக் கடையிலும் கிடைக்காது. எனக்கு இருபத்திரண்டு வயதில், சொந்த ஷெட் இல்லாத காலத்தில், பெருநாளுக்கு முந்தின நாள் அப்போதைய கமிட்டிக்காரர்கள் அவசரமாகக் கூப்பிட்டார்கள். பச்சை பத்தவில்லை. லாரி வேலையில் மிச்சம் கிடந்த நீலத்தைக் கலந்து நான் உண்டாக்கிய கலர் அது. துருவைத் தேய்த்து எடுக்கிற உப்புத்தாளைக் கையால் தொடவில்லை. துரு மேலேயே அரை மணி நேரத்தில் இழுத்துவிட்டு, நோன்புக் கஞ்சி குடித்துவிட்டு வந்தேன். "கலர் பிரமாதம்ப்பா" என்று நாலு பேர் சொன்னார்கள். நானும் வெகுகாலம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் கோட்டை நகத்தால் நெம்பினேன். பொரித்த அப்பளம் மாதிரி கழன்று வந்தது. அடியில் துரு, அடுக்கு அடுக்காக. துரு மேலே பெயின்ட் அடித்தால் துரு சாகாது. உள்ளே மாட்டிய ஈரத்தைக் குடித்துக்கொண்டு, மூடிபோட்ட வீட்டுக்குள் நிம்மதியாகத் தின்னும். பிற்பாடு சில்வர் அடித்தவன் என் கோட்டை நம்பி அடித்திருக்கிறான். அம்மா துணியில் இறங்கிய துரு நான் மூடிவைத்த துரு.

யார் மேல் ஆத்திரப்பட்டு ஜமாஅத்தில் எழுந்து நின்றேனோ, அந்த ஆள் வயர் பிரஷ்ஷோடு என் ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

4. ஓட்டை

மறுநாள் பைப்பைத் தட்டிப் பார்த்தேன். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். செத்த இரும்பு தொத்தென்று கேட்கும். தோள் பைப்பும் காலும் சேருகிற மூலையில் தட்டியபோது சத்தமே வரவில்லை, சுத்தியல் முனை உள்ளே போய்விட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து முத்தவல்லி வந்தார், கூடவே மோதினாரும்.

"ஏலே, நல்லா இருந்த சந்தூக்க ஓட்டையாக்கிட்டியேலே!"

"ஓட்டை முந்தியே இருந்துச்சு மாமு. துருதான் அடைச்சுக்கிட்டு நின்னுச்சு."

"அப்ப துருவ அங்கனயே விட்டிருக்க வேண்டியதுதான?"

இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இரும்பைத் தின்ற துரு மேல் யாருக்கும் கோபம் வராது. சுரண்டிக் காட்டியவன் மேல்தான் வரும்.

"விரல விட்டுப் பாருங்க," என்றேன். விட்டார். பைப்பின் மறுபக்கம் வரை விரல் போனது. பழுப்பாக வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது ரோட்டுல போகயில ஒடிஞ்சிருந்தா?"

"மய்யித்து ரோட்டுல கெடக்கும் மாமு."

முகம் மாறிவிட்டது. போன மாதம் அவருடைய அண்ணனையும் இதில்தான் தூக்கிப் போனோம்.

"யாருலே துரு மேலயே பெயின்ட இழுத்துட்டுப் போன களவாணிப் பய? பேரச் சொல்லு. ஜமாஅத்துல கூப்பிட்டு நிக்க வைக்கிறேன்."

மோதினார் என்னைப் பார்த்தார். மயில் கழுத்து அடித்த அன்றைக்கு எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்ததே அவர்தான். குனிந்து கீழே கிடந்த செதிலைக் கூட்ட ஆரம்பித்தார். இறந்துபோன ஒரு பெயின்டர் பேர் என் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும், கேட்க அவரும் வரமாட்டார்.

"நான்தான் மாமு," என்றேன்.

முத்தவல்லி சில்வர் செதிலையும் மயில் கழுத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எம்பேர எழுதாத. உம்பேர எழுது. தூக்குற ஆளு கண்ணுல படுற மாதிரி எழுது," என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி இஷா தொழுகைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில் எனக்கு ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. இன்றைக்கும் சிலர் "என்ன மயில்கழுத்து, சௌக்கியமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

5. அடியில் எழுதிய பேர்

நாலு நாள் ஏழு நாளாயிற்று. படுக்கையில் கிடந்த மூன்று பேரும் சொன்ன சொல் காப்பாற்றினார்கள். செத்த மூலைகளை வெட்டிப் புது பைப் வைத்து வெல்டிங். மீதி இரும்பில் சுத்தியல், வயர் பிரஷ், உப்புத்தாள். குழிகளுக்குள் ஒளிந்திருந்த துருவுக்கு ரஸ்ட் ரிமூவர். கழுவித் துடைத்து, உச்சி வெயிலில் காயவைத்து, சூடு ஆறியதும் அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: கழுவிய இரும்பை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், காலையில் மஞ்சள் பூத்துச் சிரிக்கும். முன்னாடி பட்ட பாடு அத்தனையும் வீண்.

பிரைமர் அடிக்கும் முன்பே ஒவ்வொரு காலின் அடியிலும் டிரில் வைத்துச் சின்னத் துளை போட்டேன், உள்ளே இறங்குகிற தண்ணீர் வெளியே போவதற்கு. எட்டிப் பார்த்த முத்தவல்லி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஓட்டைய அடைக்கக் குடுத்தா புதுசா நாலு ஓட்டை போட்டிருக்கானே!"

பிரைமர் காய்ந்ததும் ஒரு காலின் உள்பக்கம் வெள்ளையில் என் பேரையும் வருடத்தையும் எழுதினேன். அதன் மேல் பச்சை எனாமல் இரண்டு கோட். கொண்டுபோய் இறக்கிய அன்று முத்தவல்லி சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்கலே உம்பேரு?"

"அடியில இருக்கு மாமு. அடுத்துச் சுரண்டுற ஆளுக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு முத்தவல்லி துரு விஷயத்தில் பெரிய அறிஞராகிவிட்டார். யார் வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடித்தாலும் போய் நிற்பார். "துரு மேல அடிக்கக் கூடாதுப்பா. சந்தூக் விஷயத்துலயே நான் தலதலயா அடிச்சுக்கிட்டேன், எவன் கேட்டான்?" நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

பிள்ளைகளே, ஜீப்காரன் திரும்பி வந்து சட்டையைப் பிடிப்பான். கடைக்காரன் தெருவில் வைத்துத் திட்டுவான். சந்தூக்கில் போகிறவர் வந்து குறை சொல்லமாட்டார். அப்படிப்பட்ட வேலையில்தான் பெயின்டர் யாரென்று தெரியும்.

போன ஐப்பசியில் முத்தவல்லி மௌத்தானார். அன்றைக்கும் அடைமழை. தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கபர்ஸ்தானில் முழங்கால் வலியோடு குழிக்குள் இறங்கி நின்றேன். அவரைக் கையில் வாங்கும்போது எல்லோரும் துஆ ஓதிக்கொண்டிருந்தார்கள். நான் இடுப்புப் பக்கம் துணியைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.