லினக்ஸில் திறக்காத அஞ்சலி

அப்பாவை நெஞ்சுவலி என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, ஐ.சி.யூ.வுக்கு வெளியே ஒருத்தர்தான் உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா உட்கார்ந்தாள். நான் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கை ஓய்ந்தால் எனக்குத் தலைக்குள் கண்டதும் ஓட ஆரம்பித்துவிடும். ஒரு நர்ஸ், "யக்கா, நீங்க நடக்கறத பாத்தா எனக்கே தல சுத்துது. கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்களேன்" என்றாள். வெளியே எங்கே போவது? கடைக்குத்தான் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் பிளக்ஸ் கடை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் பேனர் அடிப்போம். டிசைன் என் கம்ப்யூட்டரில். பிரிண்டிங் மெஷினும் அதற்கான இன்னொரு கம்ப்யூட்டரும் என் கணவர் பொறுப்பு. என்னுடையதில் இருந்தது திருட்டு விண்டோஸ். திரை மூலையில் 'இது அசல் இல்லை' என்று ஒரு வரி எந்நேரமும் நிற்கும். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென்டிரைவெல்லாம் வைரஸ். கல்வராயன் மலையிலிருந்து பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பேனர் அடிக்க வந்த வாத்தியார் ஒருவர், "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுப் பாருங்க மேடம். காசு கெடயாது, வைரஸ் தொல்லையும் கம்மி" என்று பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பல மாதமாக டிராயரில் கிடந்தது. அன்றைக்கு எடுத்தேன்.

பெற்ற அப்பன் உள்ளே படுத்துக் கிடக்கும்போது எவளாவது கம்ப்யூட்டரை மாற்றுவாளா? நான் மாற்றினேன். பழைய ஃபைல்களையெல்லாம் தனியாகச் செருகுகிற ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, பென்டிரைவைச் செருகினேன். எந்த மொழி, எந்த ஊர் நேரம், உன் பெயர் என்ன என்று அது ஒவ்வொன்றாகக் கேட்டது. கேட்டதற்கெல்லாம் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. டாக்டரிடம் நான் கேட்டவற்றுக்கு, "பாக்கலாம்மா" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. அந்த நேரத்துக்கு எனக்கு லினக்ஸ் போதும் என்று இருந்தது.

ஏறி முடிந்ததும் கைக்கு வேலை கிடைத்தது. திரையின் அடியில் இருந்த பட்டையை இடப்பக்கம் மாற்றினேன், பிறகு மேலே, திரும்பவும் அடியில். திரைப் படத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். நான் பழகிய டைப்ரைட்டர் வரிசைத் தமிழ் விசைப்பலகை அதிலும் இருந்தது, தமிழ் சுத்தமாக விழுந்தது. ஒரு காதுகுத்து பேனரைச் செய்து பார்த்தேன். வழக்கமாக டீ ஆறுவதற்குள் முடிக்கிற வேலைக்கு ஒரு காலைப்பொழுதே போயிற்று. எந்தப் பொத்தான் எங்கே என்று தேடுவதிலேயே கொஞ்ச நேரம் அப்பாவை மறந்திருந்தேன். ஞாபகம் வந்ததும் எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே புதிதாக ஒன்றுமில்லை என்றதும் மறுபடி கடை.

மறுநாள் சித்தப்பா போன் பண்ணினார்.

"இன்னாம்மா, அண்ணனுக்கு போட்டோ ஏதாச்சும் எடுத்து வெச்சிக்கினியா?"

"எதுக்கு சித்தப்பா?"

"மலை வண்டி ஓட்டுன மனுசன். கச்சிராயபாளையத்துல இருந்து மேல வரிக்கும் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்லயும் ஒரு அஞ்சலி பிளக்ஸ் கட்டணும். அப்ப போயி அடிச்சிக்கினு இருந்தா லேட்டாயிடும். தேதிய மட்டும் வுட்டுட்டு ரெடி பண்ணி வெய்யி."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "இன்னும் உசுரோட இருக்காருங்க எங்கப்பா. வைங்க போன!" என்று கத்திவிட்டேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சித்தப்பாவையும் குற்றம் சொல்ல முடியாது. சாவு விழுந்த கையோடு தெருமுனையில் பிளக்ஸ் நிற்காவிட்டால் எங்கள் பக்கம் அது கௌரவக் குறைச்சல். உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே போட்டோவைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் உண்டு. தோற்றம் என்ற இடத்தில் தேதி போட்டு, மறைவு என்ற இடத்தைக் காலியாக விட்டு, நானே செய்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலியை யாரும் புதிதாகச் செய்வதும் இல்லை. போன வாரத்து ஆளின் ஃபைலைத் திறந்து, முகத்தையும் பெயரையும் மாற்றினால் வேலை முடிந்தது.

போனை வைத்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பழைய அஞ்சலி ஃபைல் ஒன்றை லினக்ஸில் திறந்து பார்த்தேன். குத்துவிளக்கு வந்தது, மாலை வந்தது, யாரோ ஒரு பெரியவர் முகமும் வந்தது. எழுத்து மட்டும் வரவில்லை. பழைய தமிழ் ஃபான்ட் அதில் இல்லாததால், கண்ணீரும் இல்லை அஞ்சலியும் இல்லை, அத்தனையும் ஆங்கில எழுத்துக் குப்பை. இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் அப்படியே. அப்பாடா என்று இருந்தது. இது திறக்காத வரைக்கும் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு எனக்குள் உட்கார்ந்துகொண்டது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அதை அப்படியே நம்பினேன்.

சாயங்காலம் சித்தப்பா என் கணவருக்குப் போன் பண்ணியிருக்கிறார். இவர் வந்து என் திரையைப் பார்த்தார்.

"பழைய ஃபான்ட்தான இல்ல? என் மெஷின்ல இருக்குதே. காப்பி பண்ணி போட்டா வந்துரும்ல?"

"வரும்."

"அப்பறம் ஏன் போடல?"

"போட மாட்டேன். நீங்களும் போடக் கூடாது. தொட்டீங்கன்னா பாத்துக்குங்க!"

ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். இவர் போய் இரண்டு டீ வாங்கி வந்தார். சித்தப்பாவிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, அதன் பிறகு சித்தப்பா எனக்குப் போன் பண்ணவில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். வார்டுக்கு மாற்றினார்கள், பிறகு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அப்பாவின் ஊரான கச்சிராயபாளையம் போவதற்குக் கார் பிடித்தோம். கடை வழியாக வரும்போது அப்பா நிறுத்தச் சொல்லிவிட்டார். அம்மா திட்டத் திட்ட இறங்கி வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இளைத்துப்போய்ச் சட்டை தொளதொளவென்று இருந்தது.

"இன்னா பாப்பா, உன் கம்ப்யூட்டர்ல எனக்கு மட்டும் பிளக்ஸ் வராதாமே?"

"யாரு சொன்னது?"

"உங்க சித்தப்பன்தான். வார்டுல வந்து சொல்லிட்டு சிரிக்கறான்."

"அந்த ஆளுக்கு வாய்ல பூட்டுதான் போடணும்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"த, இதுக்குப் போயி அழுவுற. செய்யி, பாக்கறேன்."

"முடியாதுப்பா."

"நீ செய்யலன்னா வேற கடையில செய்வானுங்க. பேர தப்பா அடிச்சி, எனக்குப் புடிக்காத அந்த கண்ணாடி போட்ட போட்டோவ போட்டு வுட்ருவானுங்க. நான் இருக்கறப்பவே பாத்துடறேன், வுடு."

நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினேன். பழைய ஃபைல் எதையும் எடுக்கவில்லை. லினக்ஸில் ஒரு வெள்ளைத் தாளைத் திறந்தேன். அப்பா தன் போனிலிருந்து ஒரு போட்டோவைத் தேடிக் கொடுத்தார். மலைப்பாதை வளைவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையோடு படியில் நிற்கிற படம். குத்துவிளக்கு வேண்டாம் என்றார், சரி என்றேன். பெயரை அடித்தேன். ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார். கீழே 'மலை வண்டி ஓட்டுநர்' என்று போடச் சொன்னார்.

"பொறந்த தேதி இன்னாப்பா?"

"யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்துல போட்ட தேதிதான் இருக்குது, அதையே போடு."

போட்டேன். அடுத்து மறைவு என்று அடித்தேன். அதற்கு மேல் விரல் நகரவில்லை. அப்பா என் கையைப் பிடித்து விசைப்பலகையிலிருந்து எடுத்தார்.

"அந்தத் தேதிய வுட்ரு பாப்பா. அத மாப்ள போட்டுக்குவாரு. நீ அன்னிக்கி அழுவணும்ல?"