ஜோடியாகத்தான் தருவார்கள்

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என் கணவர் ஒரு மீன்தொட்டி வாங்கி வந்தார். நான் கேட்டது வாஷிங் மெஷின். மேனாம்பேட்டு ஃபிளாட்டில், டிவிக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பி, பாலிதீன் பையிலிருந்து ஐந்து ஜோடி கப்பி மீன்களை விட்டார். ஆண் மீன்களுக்குப் பட்டுப்பாவாடை போல வால். பெண் மீன்கள் சாம்பல் நிறம், குண்டு. "நம்மள மாதிரியே ஜோடி ஜோடியா இருக்கு பாரு," என்றார். இதை யார் கழுவுவது என்று கேட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அந்தக் கோபத்தில் இரண்டு மாதம் தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறவள். வருஷா வருஷம் பரிணாமப் பாடத்துக்கு இதே மீனைத்தான் உதாரணம் சொல்வேன். ஆணுக்கு லாபமாக இருப்பது பெண்ணுக்கும் லாபமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பண்ண இயற்கைத் தேர்வு ஒன்றும் நாட்டாமை இல்லை. கப்பியில் ஆண் நாள் முழுக்கத் துரத்தும். பெண் ஓடி ஓடியே சரியாகத் தின்னாமல் மெலியும். தொல்லை தாங்காமல், தன்னையே விழுங்கக்கூடிய பெரிய மீன் இருக்கிற இடத்துக்குக்கூடப் போகும். அங்கே ஆண்கள் அவ்வளவாக வருவதில்லை, அதுதான் காரணம். இதைச் சொன்னதும் முதல் பெஞ்சுப் பெண், "ஜென்ரல்ல இடம் இருந்தாலும் நாங்க லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல தொங்கிட்டு வர்ற மாதிரி, மேம்," என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மாலை அண்ணனூரில் அதே லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஏறி, அம்பத்தூர் வரை ஒற்றைக்காலில் நின்று வந்தேன்.

வீட்டிலோ பெண் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. முதலாவது செத்தபோது லாரித் தண்ணீர் சரியில்லை என்றார் என் கணவர். இரண்டாவதற்கு எதிர்வீட்டுக்காரியின் கண்ணு. செத்ததை எடுத்துத் துளசித் தொட்டியில் புதைப்பார், இரண்டு சாவுக்கு ஒரு தடவை கடைக்குப் போவார். கடையில் ஜோடியாகத்தான் தருவார்கள். இவருக்கும் கல்யாண நாள் தொட்டிக்கு ஒற்றையாக வாங்க மனம் வராது. ஆக, சாவு விழுந்த வீட்டுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பெண்ணோடு ஒரு புது மாப்பிள்ளையும் வந்து இறங்கினான். மாப்பிள்ளைகளில் ஒருவனும் சாகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கொஞ்சம் வந்து பாரேன், இதுவும் போயிடும் போல இருக்கு," என்று கூப்பிட்டார். வந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்பது ஆண்கள். ஒரே ஒரு பெண். வால் கந்தலாகியிருந்தது. கப்பி முட்டையிடாது, குட்டிதான் போடும்; வயிற்றின் அடியில் கறுத்த பொட்டு, அதாவது நிறைமாதம். ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கி நின்றது. ஒன்பது பேரும் குழாயைச் சுற்றி நின்றார்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழனிப் பானையில் துள்ளி. அந்தப் பல்லி நான்தான்.

ஆண்கள் துரத்தித் துரத்தியேதான் பெண்கள் சாகின்றன என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "பொம்பள மீன் செத்துட்டா அதுங்களுக்குத்தானே நஷ்டம்? அதுகூடவா தெரியாது?"

இத்தனை வருஷத்தில் எந்த மாணவனும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

"எஸ்டேட் சிக்னல்ல மஞ்சள் விழுந்தா நீங்க நிப்பீங்களா?"

"நான் நின்னா பின்னாடி இருக்கிறவன் போயிடுவானே."

"அதேதாங்க. விட்டுக்கொடுக்கிற மீனோட வம்சம் நிக்காது. துரத்துறவனோடதுதான் நிக்கும். கடைசில மொத்தமும் ஜாமாகி நாறினாலும் அதைப் பத்தி யாருக்கும் கவலை கிடையாது."

ஒன்பது பேரையும் டீ வடிகட்டியால் அள்ளிக் குளிக்கிற பக்கெட்டில் விட்டேன். "ஜோடியைப் பிரிக்கிறது பாவம்டி," என்றார்.

"ஒன்பது பேருக்கு ஒருத்தி. இது எந்த ஊரு ஜோடி?"

மூன்று நாள் அது குழாயை விட்டு வெளியே வரவில்லை. பிழைக்காது என்றுதான் நினைத்தேன். கல்லூரியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் தொட்டியைப் பார்ப்பேன். நாலாம் நாள் மேலே வந்து தீனி தின்றது. அடுத்த வாரம் குட்டி போட்டது. அடுத்த மாதம் மறுபடியும் போட்டது. "ஆம்பளையே இல்லாம எப்படி?" என்று என் கணவர் பதறினார். ஆணிடம் ஒரு தடவை வாங்கிய விந்தை மாதக்கணக்கில் உள்ளே பத்திரப்படுத்தித் தன் சௌகரியத்துக்குப் பெற்றுக்கொள்ளும் என்றேன். பரிணாமம் அவளையும் வெறுங்கையோடு விட்டுவிடவில்லை. எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தால், பக்கெட்டில் எட்டுதான் இருந்தன. அழகான வால்காரன் தொட்டிக்குள் இருந்தான். அவள் மறுபடி குழாய்க்குப் பின்னால். "தனியா கெடக்கே, ஒரு துணைக்குன்னுதான்..." என்று இழுத்தார் என் கணவர். அந்த முகத்தில் துளிக் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை ஒன்பதையும் பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். "காசு ஒண்ணும் வேணாம், எடுத்துக்கோப்பா," என்றேன்.

கடைக்காரர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அத்தினியும் ஆம்பள. இத்த வெச்சுகினு நான் இன்னாக்கா பண்றது? ஜோடியா கொணாந்தா எடுத்துக்கலாம். பொம்பளைங்க இன்னாச்சு?"

"எட்டு செத்துப்போச்சு. ஒண்ணு பொழைச்சிடுச்சு."

"அத்தையும் கொணாந்துடுக்கா. ஒரு ஜோடியாச்சும் தேறும்."

"அது வராதுப்பா," என்றேன்.