மாமா பிடித்த கொடிக்கம்பு

கட்டாரிலிருந்து வாப்பா ஒரு கெமராவை அனுப்பிய நாளிலிருந்து உம்மாவுக்குப் படமெடுக்கும் பைத்தியம் பிடித்தது. பிள்ளைகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லித்தான் வாப்பா அதை வாங்கினார். உம்மா எங்களை எடுத்து முடித்துவிட்டு ஊரை எடுக்கத் தொடங்கினார். கருவாடு காயும் கரை, பாலாவி உப்பளத்தின் உப்புக் குவியல், கந்தூரி விருந்துச் சோற்றுக்கு முன்னால் சட்டைக் கையை மடிக்கும் ஆண்கள், கலியாண வீட்டில் தூங்கி வழியும் மாப்பிள்ளைத் தோழன், ஒன்றும் தப்பவில்லை. கறி அடிப்பிடித்தால் இவள் முதலில் படமெடுத்துவிட்டுத்தான் அடுப்பை அணைப்பாள் என்று வாப்பாவின் தங்கையான மாமி சொல்லிச் சிரிப்பார். அது ஒருமுறை உண்மையாகவே நடந்தது.

சிரிக்காதவர் உம்மாவின் அண்ணனான மாமாதான். வாப்பா வெளிநாட்டில் இருந்ததால் எங்கள் வீட்டில் அவர் வைத்ததே சட்டம். பெண்பிள்ளை கெமராவும் கையுமாகத் திரிவதைப் பற்றி ஊரில் நாலு பேர் கதைக்கிறார்களாம். அந்த நாலு பேரில் மூன்று பேர் மாமாவேதான் என்பது என் கணிப்பு.

"இந்தப் பெருநாளோட சரி. பொறகு அத அலுமாரியில வெச்சிப் பூட்டோணும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். உம்மா கெமராவைத் துடைத்து அதன் பைக்குள் வைத்தார். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

பெருநாளுக்கு மறுநாள் எங்கள் ஊர்க் கடலேரியான களப்பில் பாய்த்தோணிப் போட்டி. எங்கள் பக்கத்து வழக்கப்படி தோணி முந்தி வந்தால் மட்டும் போதாது. கரையோரத் தண்ணீரில் ஒரு கொடியை நட்டிருப்பார்கள். தோணியிலிருந்து குதித்து அந்தக் கம்பை முதலில் பிடிப்பவனுக்கே வெற்றி. மாமாவின் தோணியும் உச்சமுனை என்ற ஊரின் தோணியொன்றும் சரிசமமாக வந்தன. மாமாவும் உச்சமுனை இளைஞன் ஒருவனும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். தண்ணீர் ஆளுயரத்துக்குத் தெறித்து, தோணியிலிருந்த நடுவருக்கும் தெரியாதபடி எல்லாவற்றையும் மறைத்தது. அது அடங்கியபோது இருவர் கையிலும் கம்பு இருந்தது.

"நான்தான் முதல்ல புடிச்சேன்!" என்று மாமா கத்தினார்.

"அல்லாவுக்காகச் சொல்லுங்க நானா, நான்தானே புடிச்சேன்!" என்றான் அவன்.

கரை இரண்டாகப் பிரிந்தது. கைகலப்பு வந்துவிடும்போல இருந்தது. நானும் என் பங்குக்கு மாமாவுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். அப்போதுதான், கொடிக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் கெமராவோடு நின்ற உம்மாவைப் பள்ளிவாசல் தலைவர் கண்டார்.

"தங்கச்சி, நீங்க படம் எடுத்தீங்களா?"

உம்மா ஒருமுறை மாமாவைப் பார்த்தார். பிறகு, "ஓம்" என்றார்.

"காட்டு, நல்லாக் காட்டு! என்ட தங்கச்சிட படம் பொய் சொல்லாது!" என்று ஊருக்கே கேட்கச் சொன்னார் மாமா.

உம்மா முக்காட்டுத் துணியால் வெயிலை மறைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். பெரிய பெரிய மனிதர்களெல்லாம் முறைவைத்துக் குனிந்து பார்த்தார்கள். இளைஞனின் கை கம்பில் இருந்தது. மாமாவின் கை இளைஞனின் மணிக்கட்டில் இருந்தது. கம்பென்று நினைத்து முதலில் அதைத்தான் இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

"அதானே பாத்தேன், கை ஏன் இப்பிடி நோகுதுன்டு!" என்றான் அவன்.

கரையே சிரித்தது. உச்சமுனைக்காரர்கள் உம்மாவுக்காக விசிலடித்தார்கள். "அடுத்த வருஷம் நீங்க கரையில நிக்கப்படாது தங்கச்சி, நடுவர்ட தோணியில ஏறிடுங்க" என்றார் தலைவர். தன் வாயால் சொன்னதை மாமாவால் விழுங்க முடியவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு கெமராப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க, கெமரா நனையப்போகுது" என்று கூட்டத்தை விலக்கி உம்மாவை முன்னால் நடக்கவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏன் காட்டினீங்க? அழிச்சிருக்கலாமே!" என்று வழியெல்லாம் அழுதேன். உம்மா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, ஈர உடுப்போடு நடுவீதியில் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன் தோற்ற நாளில் ஒரு மனுசிக்கு இப்படியும் சிரிப்பு வருமா என்று அவரோடு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். வென்றவர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே விளங்கியது?