ரோஸ் கவுனும் ஒரு வாளும்

வளையல்களைக் கழற்றி மேஜைமேல் வைத்து, வெந்நீரை இரண்டு மடக்கு குடித்துவிட்டால் போதும், பிரிஜெட் பதினைந்து வயது இளவரசியாகிவிடுவார். நிஜ வயது ஐம்பத்திரண்டு; முட்டிவலி வேறு. பெங்களூரு அல்சூரில் உள்ள அந்த டப்பிங் கூடத்தில், திரையில் கார்ட்டூன் இளவரசி குதிரைமேல் தாவினால் இவரும் நின்ற இடத்திலேயே குதிப்பார். "ஆன்ட்டி, மைக்ல தட் தட்டுனு சத்தம் விழுது" என்று ஒலிப்பதிவு செய்யும் தினேஷ் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கெஞ்சுவான். "நான் குதிக்காம அவ எப்பிடிடா குதிப்பா?"

அந்த இளவரசிமேல் அப்படியொரு பாசம். கைப்பை ரோஸ், குடை ரோஸ், செல்போன் உறையிலும் அவளேதான்.

வசனம் எழுதும் சங்கமித்ராவுக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பெண்ணியம் படித்த பெண், சும்மா இருப்பாளா? "பொம்மை விக்க எடுத்த கதை ஆன்ட்டி இது. தலைல கிரீடத்த வச்சுட்டா ஃபெமினிசமா?"

"ரோஸ் கவுன் போட்டா மூளை கரைஞ்சிடுமா? டிராகனையே அடிக்கிறாம்மா! எங்க சந்துப் பொண்ணுங்க இதப் பாத்துட்டுதான் துடைப்பத்த எடுத்துக்கிட்டு பசங்கள ஓட ஓட விரட்டுதுங்க. உன் புஸ்தகத்தப் படிச்சா விரட்டுச்சுங்க? சும்னே பேசாத, போ."

இப்படியே ஒரு வருஷம் ஓடி, அந்த சீசனின் கடைசிப் பகுதியும் வந்தது. இளவரசன் கையை நீட்டி, "சண்டையெல்லாம் போதும், இனிமே நான் பாத்துக்கறேன்" என்கிறான். இளவரசி வாளைக் கீழே வைத்துவிட்டு, "சரி" என்கிறாள்.

"நான் சொன்னேன்ல?" என்றாள் சங்கமித்ரா. ஆனால் பிரிஜெட்டின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மாத்திடலாமா கண்ணு?"

"பேடா ஆன்ட்டி, வேணாம். வாயசைவுக்கு 'சரி'தான் உக்காரும். ஒரு வார்த்தை கூடினாலும் கம்பெனிக்காரன் அடுத்த சீசனுக்கு வேற குரல் தேடிக்குவான்."

வேறு குரலா! தன் இளவரசிக்கு வேறு எவளோ பேசுவதா?

படம் ஓடியது. "சரி" என்றார், தேனாக. இளவரசி முதுகைக் காட்டி வாசலை நோக்கி நடந்தாள். முகம் தெரியாத இடத்தில் எந்த வசனமும் ஒட்டும் என்பது டப்பிங்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பிரிஜெட் மைக்கை நெருங்கினார். "நாளைக்கு டிராகன் வந்தா நீ தள்ளி நில்லு. வாள எங்க வச்சேன்னு எனக்குத் தெரியும்."

தினேஷ் திரும்பி சங்கமித்ராவைப் பார்த்தான். அவளோ சிரிப்பை அடக்க முடியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி… இன்னொரு டேக் போலாமா?"

பிரிஜெட் ஹெட்போனைக் கழற்றி மைக்கின் தலையிலேயே மாட்டிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.