முதிரைத் தூள்

குருநகரில் கிற்றார் வாத்தியம் செய்கிறவர் அவர். நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு அடிக்கடி வருவார். முழங்கை வரை தோல் தடித்துச் சிவந்திருக்கும். கண்கள் வீங்கி, நீர் வடிந்தபடி பாதி மூடியிருக்கும். கிற்றாரின் முதுகுக்கு முதிரைப் பலகைதான் போடுவார். சீவுளியையே மழுங்கடிக்கும் வைரமான மரம். அதன் தூள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

கைக்குப் பூச்சு மருந்து வாங்குவார். கண்ணுக்கு விடும் மருந்தை எடுத்து வைத்தால் மட்டும் ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிடுவார்.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கண் பழுதாப் போகப்போகுது அண்ணை. வேறை மரத்திலை செய்யுங்கோவன்."

"பிலா மரத்திலை செய்யலாம் தம்பி. அது சொன்னபடி வளையும், ஒண்டும் செய்யாது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மகன் கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை. வருவான் எண்டு என்ரை மனுசி சோறு போட்டு வைக்கிறா. வீட்டிலை ஆரும் அழக்கூடாது எண்டிட்டா. முதிரை சீவினா, ஏன் அழுறியள் எண்டு அவ கேக்கமாட்டா."

போன மாதம் பூச்சு மருந்து வாங்க அவருடைய மனைவி வந்தார். பழக்கத்தில் கண் மருந்தையும் சேர்த்து வைத்துவிட்டேன். அவரும் அதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"உது வேண்டாம் தம்பி. அவர் அழட்டும்."