கேலிக்கு நடுவே கட்டா

பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் நான் வேலை பார்த்த நாட்களில், ஊரெங்கும் சுவர்களில் கராத்தே விளம்பரம் எழுதியிருந்தார்கள். ஒருவன் காலைத் தூக்கி உதைக்கிற படம். எங்கள் தெருச் சுவரில் இருந்தவனுக்கு இரண்டுமே இடது கால். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் ஓட்டினேன். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் மாதிரி நடந்து காட்டிவிட்டுத் திரும்பினால், அவரே பின்னால் நின்றுகொண்டிருந்தார். அத்தோடு என் படிப்பு முடிந்தது. வாய் மட்டும் முடியவில்லை.

பட்டறையில் எனக்கு அடுத்த லேத்தில் ஓர் அண்ணன் வேலை பார்த்தார். கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அதனால் அண்ணன். தலைமுடி அளவுகூடப் பிசகாமல் இரும்பைக் கடைசல் பிடிப்பார். கோபம் வந்தால் மட்டும் கை அவர் பேச்சைக் கேட்காது. பட்டறையில் ஸ்பானர் பறக்கும். வீட்டில் என்ன பறந்தது என்று எங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தோம். கடைசியாக, குழம்பில் உப்பு கூடிப்போனதற்கு மைனியை, அவர் மனைவியை, கன்னத்தில் அறைந்திருக்கிறார். ஆடியில் கோயில் கொடைத் திருவிழாவுக்கென்று கைக்குழந்தையோடு ஆழ்வார்திருநகரிக்கு, அம்மா வீட்டுக்குப் போன மைனி ஆவணி பிறந்தும் திரும்பவில்லை. கூப்பிடப் போனவரை, அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த மைனியின் அண்ணன் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"மாப்ளே, ஒங்க கை எப்ப அடங்குதோ அப்ப சொல்லி விடுங்க. நான் வந்து என் கண்ணால பாத்துட்டு அனுப்பி வைக்கேன்."

அதற்கு அடுத்த வாரம்தான் அண்ணன் பட்டறையில் வந்து, கராத்தே வகுப்பில் சேரப்போவதாகச் சொன்னார்.

"ஏண்ணே, இதுவரைக்கும் அடிச்சதே போதாதா? இனிமே முறையா வேற படிக்கணுமா?" என்றேன். பட்டறையே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அந்தப் பையன் சொல்லுதான்லே, அடிக்கதுக்கு முன்னால நிக்கதுக்குத்தான் சொல்லிக் குடுப்பானாம்" என்றார்.

பையன் என்று அவர் சொன்னது மாஸ்டரை. இருபது வயதிருக்கும், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். ஓர் அரிசி ஆலையில் நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களத்தை, நெல் பரத்துவதற்கு முன்னால் விடிகாலையில் ஒன்றரை மணி நேரம் அவனுக்கு விட்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க நானும் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூடப் பையன்களும் ஜவுளிக்கடைச் சிப்பந்திகளும் வரிசையாக நின்றார்கள். நான் அவனை 'மாஸ்டர் தம்பி' என்று கூப்பிடுவேன். ஒவ்வொரு தடவைக்கும் இருபது தண்டால் போடவேண்டும். அப்படியே எனக்கு நெஞ்சு விரிந்தது.

முதல் பாடம் கட்டா. எதிரே ஆள் இல்லாமல், இருப்பதாக நினைத்துக்கொண்டு போடுகிற சண்டை. தடுப்பு, குத்து, திரும்பு என்று இருபத்தொரு அசைவு. பையன்கள் அதை அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். மாஸ்டர் விடமாட்டான். "வேகமாப் போட்டா தப்பு ஒளிஞ்சுக்கிடும். பையப் போடுங்க, மூச்சு எங்கன நிக்குன்னு பாருங்க" என்பான். எங்களுக்கு அது பெரிய வதை. மெதுவாகக் காலை நகர்த்தினால் தொடை நடுங்கும், பின்னால் இருப்பவன் சிரிப்பான்.

அண்ணனுக்கு மட்டும் அது பிடித்துப்போனது. லேத்தில் டூலை உள்ளே விடுகிற மாதிரி, ஒரு நூல் ஒரு நூலாகக் கையை நகர்த்துவார். இருபத்தொரு அசைவுக்குப் பத்து நிமிடம். "அண்ணே, எதிரி டீ குடிச்சிட்டு வாரேன்னு போயிட்டான்" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாஸ்டர் எங்களை ஆற்றுக்குக் கூட்டிப்போவான். முட்டளவு தண்ணீரில் நின்று கட்டா போடவேண்டும். காலுக்குக் கீழே மணல் நழுவிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் குளித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் என்னிடம் சொன்னார்.

"லே, ஒண்ணு கண்டுபிடிச்சிட்டேன். கை தூக்குததுக்கு முன்னால எனக்கு மூச்சு நிக்கி. அடிக்கணும்னு நெனைக்கதுக்கும் முன்னாலயே நின்னுருது. இத்தன வருசம் அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கு."

"தெரிஞ்சு என்னண்ணே செய்ய?"

"நின்ன மூச்ச விட்டுட்டேன்னா கை எழும்ப மாட்டேங்கு. ஆனா கட்டாவுல யாரும் என்னைய வையலியே. வையும்போதும் விட முடியுதான்னு பாக்கணும்." கொஞ்ச நேரம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நின்றார். "நீதான் ஊருலயே பெரிய வாயாச்சே. நான் கட்டா போடும்போது என்னையக் கேலி பண்ணு. எவ்வளவு முடியுமோ பண்ணு."

என் வாழ்நாளில் என் வாயை யாரும் ஒரு காரியத்துக்குக் கேட்டதில்லை. மூடச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள்.

மறுநாளிலிருந்து அதுவே எங்கள் பழக்கமாகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் அவர் களத்தின் நடுவில் நிற்பார். நான் அவரைச் சுற்றி நடந்துகொண்டே ஆரம்பிப்பேன். அவருடைய முன்வழுக்கை, எண்ணெய்க்கறை பிடித்த லுங்கி, முதலாளி திட்டியது எல்லாம் வரும். சில நாள் பாதியில் நின்றுவிடுவார். கண்ணை மூடி, மூச்சை விட்டு, முதல் அசைவிலிருந்து மறுபடி தொடங்குவார். ஐப்பசி வருவதற்குள் நான் என்ன சொன்னாலும் இருபத்தொன்றையும் போட்டு முடித்தார். பட்டறையிலும் ஸ்பானர் பறப்பது நின்றது. எனக்கு ஏற்பட்ட பெருமையைப் பார்த்தால், அவர் கோபத்தை நான்தான் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் அவர் என்னிடம் சொல்லியிருந்தார். சில ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆழ்வார்திருநகரிக்குப் பஸ் ஏறுவார். மைனி வீட்டுக்கு எதிர்வரிசையில் ஒரு பூட்டிய கடையின் நிழலில் நிற்பார். "கொடியில பிள்ளைக்குச் சட்டை காயும்லே. அதப் பாத்துட்டு வந்திருதேன். யார்ட்டயும் சொல்லிராத" என்றார். நானும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம். அது எனக்குச் சாதனைதான்.

கடைசியில் அண்ணன் சொல்லி அனுப்பினார், மச்சான் வந்து பார்க்கட்டும் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆற்றுக்குப் போகாமல் நாங்கள் காத்திருக்க, மச்சான் களத்துக்கே வந்தார். கையில் குடை, தோளில் துண்டு. ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்காரவைத்தோம். மாஸ்டர் அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு ஒதுங்கினான். அண்ணன் நடுவில் போய் நின்றார். நான் வழக்கம்போலச் சுற்ற ஆரம்பித்தேன்.

"பாருங்க அண்ணாச்சி, ஆமைக்குக் கராத்தே சொல்லிக் குடுத்தா இப்படித்தான் இருக்கும்."

முதலில் மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. மாஸ்டர் குனிந்து ஏதோ விளக்கினான். பிறகு கவனித்துப் பார்த்தார். நான் வழுக்கையைச் சொன்னேன், லுங்கியைச் சொன்னேன், பையன்கள் சிரித்தார்கள். அண்ணனின் கை தண்ணீருக்குள் போவதுபோலப் போய் வந்தது. இருபத்தொன்று முடிந்தது. கால்களைச் சேர்த்து நின்று குனிந்தார்.

"பரவால்லயே மாப்ளே" என்றார் வந்தவர். முகம் இளகியிருந்தது. எழுந்திருக்கக் கையைத் தரையில் ஊன்றினார்.

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். பையன்கள் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரிப்பு பாதியில் நிற்பதை நான் தாங்கமாட்டேன். அதோடு, அண்ணனுக்கு நல்லது செய்கிறேன் என்றும் நம்பினேன்.

"இருங்க அண்ணாச்சி. இது என்ன, இதுக்கு மேலயும் தாங்குவாரு. ஒங்க வீட்டு எதுத்தாப்ல ஞாயித்துக்கிழமை ஒரு பிச்சைக்காரன் நிப்பானே, பாத்ததில்லையா? அது இவருதான். கொடியில காயுத சட்டையக் கும்பிட்டுட்டு அடுத்த பஸ்ல வந்திருவாரு."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூச்சு நின்றது. இரண்டு மாதம் அந்த நெஞ்சையே பார்த்துச் சுற்றி வந்தவன் நான், எனக்கு அது தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் இன்னொன்று சொன்னேன்.

"இன்னும் ஒரு வாரம் விட்டா அதத் திருடிட்டே வந்திருப்பாரு."

அடி விழுந்தது. களத்தில் படித்த அடி இல்லை, பழைய அடி. கன்னத்தில், விரல் ஐந்தும் பதிய. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் வாரேன் மாப்ளே" என்று அவருடைய மச்சான் எழுந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு அண்ணன் களத்துக்கு வரவில்லை. பட்டறையில் என்னோடு பேசுவார், கடைய வேண்டிய ஜாப் எங்கே, எண்ணெய் எங்கே என்கிற அளவுக்கு. பத்து நாள் பொறுத்துப் பார்த்தபின், பட்டறையில் சொல்லிவிட்டு நானே ஆழ்வார்திருநகரிக்குப் போனேன். பஸ்ஸில் என்னென்ன பேசவேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டேன்.

மைனி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குழந்தை பாயில் குப்புறக் கிடந்து தலையைத் தூக்கப் பார்த்தது. என்னை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்தாள்.

"எல்லாம் என்னாலதான் மைனி" என்றேன். "அண்ணன் மேல தப்பே கெடையாது. நான் அந்தப் பேச்சுப் பேசலன்னா அவரு கையத் தூக்கியிருக்க மாட்டாரு."

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நானும் அப்படித்தாம்பா நெனச்சேன். உப்பு கூடலன்னா அடிச்சிருக்க மாட்டாருன்னு. ரெண்டு வருசம் உப்பையே பாத்துட்டிருந்தேன்."

மனப்பாடம் செய்ததெல்லாம் போய்விட்டது.

ஆய்ந்த கீரையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "என்னையக் கூட்டிட்டுப் போகத்தான் அதப் படிக்காருன்னா வேண்டாம்னு சொல்லு. அவருக்கே வேணும்னு தோணிச்சுன்னா படிக்கட்டும். ஒரு வருசம் படிக்கட்டும். அதுக்கப்புறம் அவரே வரட்டும், வாசல்லயே நிக்க வேண்டாம், உள்ள வந்து பேசட்டும். அண்ணன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். இத அப்படியே அவர்ட்ட சொல்லிருவியா?"

"சொல்லிருதேன் மைனி."

மறுநாள் காலையில் அண்ணன் லேத்தில் நின்றிருந்தார். இரும்பு சுருள் சுருளாகக் காலடியில் விழுந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"அங்கன போனியாமே. என்ன சொன்னா?"

முழுவதையும் சொல்ல வேண்டும் என்றால் உப்பிலிருந்து சொல்ல வேண்டும். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கேலியில் எதையும் சொல்லிவிடுவேன். கேலி இல்லாமல் ஒரு வாக்கியம் பேச எனக்குப் பழக்கமே இல்லை.

"காப்பி நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன்.

ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, புரிந்துவிட்டது என்பதுபோலத் தலையை ஆட்டி லேத்தைப் போட்டார். மத்தியானம் சொல்லலாம் என்று இருந்தேன். மத்தியானம் அவரோடு ஆட்கள் இருந்தார்கள். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். தீபாவளி முடிந்து பட்டறை திறந்தபோது அவர் லேத்தில் வேறு ஆள் நின்றான். கோயம்புத்தூரில் ஏதோ மோட்டார் பட்டறைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்தப் பட்டறை என்று யாருக்கும் தெரியவில்லை. நான் இரண்டு பேரிடம் விசாரித்தேன். இருபது பேரிடம் விசாரித்திருக்கலாம்.

ஒரு வருடம் கழிந்து மேலும் சில மாதம் இருக்கும். ஜங்ஷன் பஸ் நிலையத்தில் மைனியின் அண்ணனைப் பார்த்தேன். ஒளியப் பார்த்தேன், அதற்குள் என்னைக் கண்டுகொண்டார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி, அன்னைக்கு எங்க தங்கச்சி ஒண்ணு சொல்லி விட்டாளே, அத மாப்ளைட்ட சொன்னியா?"

"சொன்னேன் அண்ணாச்சி."

"அப்படியே சொன்னியா?"

"அப்படியேதான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பச் சரி. அவருக்குத்தான் வேண்டாம்னு இருந்திருக்கு. நான் அவள்ட்ட சொல்லிருதேன்" என்றார். ஆழ்வார்திருநகரி வழியாகத் திருச்செந்தூர் போகிற பஸ் வந்து நின்றது. அவர் ஏறி, ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார்ந்து, எனக்குக் கையைக் காட்டினார். நானும் காட்டினேன்.